கூப்பிடாத கை

எனக்கு நோய் வந்தபோது முதலில் மருத்துவரிடம் போனது எங்கள் நாய்தான்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். இப்போது நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். அன்றைக்கு ஆட்டோவில் அவளை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனபோது சிரிப்பு வரவில்லை. இதற்குக் கண்ணோ காதோ போய்விட்டது, இல்லையென்றால் புத்தி போய்விட்டது என்று நானும் என் கணவரும் உறுதியாக நம்பினோம்.

அவள் பெயர் மல்லி. சிப்பிப்பாறை இனம், வேட்டை நாய். சிவகாசிப் பக்கம் என் தம்பி வீட்டில் பிறந்து, ஒரு துண்டில் சுருட்டிக்கொள்ளும் அளவில் நெய்வேலிக்கு வந்தவள். என் கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பெர்மனென்ட். மகள் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போன பிறகு குவார்ட்டர்ஸில் நானும் மல்லியும்தான். அவர் ஷிப்டில் இருப்பார், அல்லது தூக்கத்தில் இருப்பார்.

எங்கள் பிளாக்கில் பகலில் சத்தம் போடுவது பெரிய குற்றம். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் மதியம்வரை தூங்குவார்கள். இந்த வாரம் எந்த வீட்டில் யாருக்கு நைட் என்பது எல்லாப் பெண்களுக்கும் அத்துப்படி. பக்கத்து வீட்டு ஜன்னல் மூடியிருந்தால் மிக்சியை ஓட்ட மாட்டோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கத்திப் பழக்க முடியுமா? நான் கையால் பழக்கினேன். உள்ளங்கையைக் காட்டினால் உட்கார வேண்டும். வலது கையைக் கீழே தொங்கவிட்டு விரல்களால் தொடையில் மெல்லத் தட்டினால் ஓடி வர வேண்டும். சிப்பிப்பாறைக்குக் கண் கூர்மை. எவ்வளவு தூரத்தில் நின்று தட்டினாலும் வந்து சேர்ந்துவிடுவாள். வாயைத் திறக்காமல் நாயை ஆட்டி வைக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எங்கள் கேட்டுக்கு எதிரே ரோடு. ரோட்டைத் தாண்டினால் புங்க மரங்கள் நிற்கும் காலி மைதானம். மல்லியைக் கேட்டருகே உட்கார வைத்துவிட்டு நான் முதலில் அந்தப் பக்கம் போவேன். ஷிப்ட் பஸ், வண்டிகள் எல்லாம் போன பிறகு தொடையில் தட்டுவேன். அவள் ஒரே பாய்ச்சலில் ரோட்டைத் தாண்டி வருவாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அவள் போக்கு மாறுவது முதலில் வீட்டுக்குள்தான் ஆரம்பித்தது. டிவி பார்த்துக்கொண்டிருப்பேன், மல்லி எழுந்து வந்து முன்னால் நிற்பாள். “என்னடி வேணும்?” என்று கேட்டுப் போகச் சொல்வேன். போய்ப் படுப்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து நிற்பாள். வயதாக ஆகப் பாசம் கூடுகிறது போல என்று நினைத்தேன்.

பிறகு மைதானத்தில். உட்கார் என்று சைகை காட்டி நான் தள்ளிப் போய் நின்றால், கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுவாள். திரும்பக் கொண்டுபோய் உட்கார வைப்பேன். மறுபடியும் வருவாள். வந்தவள் முகத்தில் தப்புச் செய்த கள்ளம் துளியும் இருக்காது. பிஸ்கட் எங்கே என்று என்னையே அண்ணாந்து பார்ப்பாள்.

பிறகு அந்த மதியம். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். மல்லி கேட்டருகே உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் பஸ் திருப்பத்தில் வருவது தெரிந்தது. அது போகட்டும் என்று கையைத் தொங்கவிட்டுச் சும்மா நின்றேன். மல்லி எழுந்தாள். நான் உள்ளங்கையைத் தூக்குவதற்குள் ரோட்டில் இறங்கிவிட்டாள். பிரேக் போட்ட சத்தத்தில் மூடியிருந்த ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. பஸ்ஸின் முன்பக்கம் அவள் வாலை உரசிக்கொண்டு நின்றது.

டிரைவர் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர், தெரிந்த முகம். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். “யக்கா, நாய கையில புடிச்சிகினு நிக்கக் கூடாதா? ஏத்தியிருந்தா எம்மேலல்ல வந்து வுழும்?” என்றார்.

“உக்காரச் சொல்லித்தான் வச்சிருந்தேன். கூப்பிடவே இல்ல, தானா வந்துட்டா,” என்றேன்.

அப்படித்தான் நான் நம்பினேன். அந்த வாரமே அவளை ஆட்டோவில் ஏற்றினோம்.

கால்நடை மருத்துவர் அவளுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். காது, கண் இரண்டும் நன்றாக இருந்தன. “நீங்க பழக்குறத ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கம்மா. பாத்தாத்தான் சொல்ல முடியும்,” என்றார்.

மகள் லீவில் வந்திருந்தாள். எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே நான் மல்லியை உட்கார வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். மகள் போனில் எடுத்தாள். வழக்கம்போல மல்லி எழுந்து வந்தாள். “பாத்தியா, பாத்தியா” என்று நான் சலித்துக்கொள்வதும் அதில் பதிவாகியிருக்கிறது.

அன்று மாலை மூவரும் அதைப் போட்டுப் பார்த்தோம். முதல் தடவை நாயைத்தான் பார்த்தேன். இரண்டாவது தடவை மகள் படத்தை நிறுத்தி, “அம்மா, நீ தட்டுறியேம்மா” என்றாள்.

“நான் எங்கடி தட்டினேன்?”

அவள் திரும்ப ஓடவிட்டாள். நான் நிமிர்ந்து நிற்கிறேன். முகம் நாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடது கை சும்மா இருக்கிறது. வலது கையின் விரல்கள் புடவை மேல் தட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரே சீராக, மெல்ல, நான் எப்படித் தட்டுவேனோ அப்படியே. மல்லி அந்தக் கையைப் பார்க்கிறாள், காதை நிமிர்த்துகிறாள், எழுந்து வருகிறாள்.

அது என் கைதான். வளையல் என்னுடையது. அந்தக் கை செய்வது எனக்குத் தெரியவில்லை. படத்தில் பார்த்த பிறகும் என்னால் அதை உணர முடியவில்லை. திருடன் வீட்டுக்குள் வந்து பல நாளாகத் தங்கியிருக்கிறான், நாய் மட்டும் பார்த்திருக்கிறது என்பதுபோல எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. என் கணவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டார். உள்ளே அது அடங்கவில்லை.

“மாவாட்டுற அசதியா இருக்கும்,” என்றார். அவர் குரலே அதை நம்பவில்லை.

எங்கள் ஊரில் என் பெரியப்பாவுக்கு இப்படி இருந்தது. கை உதறல் என்பார்கள். கல்யாணப் பந்தியில் அவரை ஓரமாகத் தனி இலையில் உட்கார வைப்பார்கள். பாயசம் சட்டையில் கொட்டும். பிள்ளைகள் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். படத்தைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு அந்த ஓர இலை ஞாபகம் வந்தது. அதன் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் ஓரத்தைத்தான் பார்க்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். பெண் மருத்துவர், நிதானமானவர். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கச் சொன்னார். இடது கை வேகமாகச் செய்தது. வலது கை போகப் போகச் சுருங்கி, கடைசியில் விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். எழுத்து எறும்பாகத் தேய்ந்துகொண்டே போயிற்று. பிறகு வராந்தாவில் நடக்கச் சொன்னார்.

“வலது கை வீசலையே. எப்ப இருந்து இப்படி?” என்றார்.

கை வீசி நடந்தேனா இல்லையா என்று யாராவது பார்த்துக்கொண்டு நடப்பார்களா? எனக்குத் தெரியவில்லை என்றேன்.

பார்க்கின்சன் (மூளையில் அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்ற பொருள் சுரப்பது குறைவதால் வரும் நோய்) என்று சொன்னார். எனக்கு இருப்பது ரெஸ்டிங் ட்ரெமர் (கை வேலையில்லாமல் இருக்கும்போது மட்டும் வரும் நடுக்கம்). வேலை செய்யும்போது அது அடங்கிவிடுவதால் ஆரம்பத்தில் நோயாளிக்கே தெரியாமல் இருக்கலாம் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நாயைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

என் கணவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். “சரியாப் போயிருமா டாக்டர்?”

“குணமாகாது. மெதுவாத்தான் போகும், மருந்துல நல்லாவே சமாளிக்கலாம். அப்புறமா இடது பக்கமும் வரும். குரல், நடை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மாறலாம். அதுக்கு இப்பவே பயப்படாதீங்க.”

பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? ‘அப்புறமா’ என்ற சொல் என் காதில் ஒட்டிக்கொண்டது. அது அடுத்த வருஷமா, அடுத்த மாதமா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் குள்ளஞ்சாவடியில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ வரும்வரை வலது கை மடியில் ஆடிக்கொண்டிருந்தது. கிளாஸை வாங்கிப் பிடித்ததும் நின்றுவிட்டது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்தேன். கிளாஸை வைத்ததும் மறுபடி ஆரம்பித்தது. நான் கவனிக்கும்போது நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, கவனம் தப்பியதும் தன் வேலையைக் காட்டுகிறது. எனக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து) ஆரம்பித்தார்கள். முதலில் குமட்டல்தான் மிச்சம். எழுந்தால் தலை சுற்றியது. இதைப் படிப்பவர்களில் யாராவது அந்த நாட்களில் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: குமட்டுகிறது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். எனக்கும் அப்படித்தான் சரியாயிற்று. மருந்து வேலை செய்யும்போது கை கிட்டத்தட்ட என்னுடையது. அதன் வேகம் குறையும்போது விரல்கள் மறுபடி தட்ட ஆரம்பிக்கும்.

முகமும் மாறியிருந்தது. ஹைப்போமிமியா (முகத் தசைகள் இறுகி உணர்ச்சி வெளியே தெரியாமல் போவது) என்று பெயர். மகள் வீடியோ காலில், “ஏம்மா கோவமா இருக்க?” என்று கேட்பாள். நான் சிரித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பேன். மல்லியும் அப்படித்தான். பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்ப்பாள், வால் பாதியில் நின்றுவிடும், தயங்கித் தயங்கிப் படுப்பாள்.

இதற்கிடையில் அவள் என்னிடம் வருவது கூடிக்கொண்டே போயிற்று. மருந்தின் வேகம் குறையும் நேரமெல்லாம் என் கை அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கேட்டுக்கு வெளியே அவளை அழைத்துப் போவதை நிறுத்திவிட்டேன். கேட் திறந்து கிடந்தால் ஓடிப் போய்ச் சாத்துவேன். காய் வாங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வேன். என் கையே என் நாயைக் கொன்றுவிடும் என்ற பயம், நோயைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“ஊருக்கு அனுப்பிருவோம் கோமதி. உன் தம்பி வீட்டுல நல்லா ஓடித் திரியும்,” என்றார் என் கணவர்.

“நான்?”

 கட்டிப் போடலாம் என்று மகள் போனில் சொன்னாள். ஓடுவதற்கென்றே பிறந்த ஜீவனைச் சங்கிலியில் கட்டுவதற்குப் பதில் ஊருக்கே அனுப்பலாம் என்றேன். விசில் வாங்கிப் பழக்கலாமே என்று அவரே மறுபடி கேட்டார். “சுத்தி நாலு வீட்டுல நைட் ஷிப்ட். ஊதிப் பாருங்க, சண்டைக்கு வருவாங்க,” என்றேன். அந்தக் கஷ்டத்திலும் இருவரும் சிரித்துவிட்டோம்.

கால்நடை மருத்துவரிடம் மறுபடி போனேன். இந்த முறை நாய் இல்லாமல். அவர் வீடியோவைப் பார்த்திருந்தார்.

“உங்க நாய் ஒரு தப்பும் பண்ணலம்மா. நாம என்ன நினைச்சுக் கை ஆட்டுறோம்னு அதுக்குத் தெரியாது, ஆடுறத மட்டும்தான் பாக்கும். அத மறக்க வைக்கலாம். கை தானா தட்டி அது வந்தா எதுவும் தராதீங்க, முகம் கொடுக்காதீங்க. புதுசா ஒரு சைகை வைங்க, அதுக்கு மட்டும் தாங்க. ஆனா ஒன்னு, நீங்க இனிமே வேணும்னு தொடையில தட்டவே கூடாது. ஒரு தடவை தட்டி, அது வந்து, நீங்க கொஞ்சினீங்கன்னா, பழசு திரும்பிரும்.”

நடுக்கத்தால் ஒருபோதும் வராத சைகையாகப் பார்த்து, இடது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்குவது என்று வைத்தேன். இடது பக்கமும் வரும் என்று மருத்துவர் சொன்னது தெரியும். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கேட்டைப் பூட்டிவிட்டுக் காம்பவுண்டுக்குள் பழக்கினோம். என் கணவர் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். மருந்தின் வேகம் குறையும் நேரமாகப் பார்த்து நான் நாற்காலியில் உட்காருவேன். கை தட்ட ஆரம்பிக்கும். மல்லி வருவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் என் முழங்காலில் மூக்கை வைத்துக் காத்திருப்பாள். கையை நக்கிப் பார்ப்பாள். அப்போதும் திரும்பிப் பார்க்க மாட்டேன்; கூப்பிட்டதும் ஓடி வந்தவளுக்கு நான் செய்யும் மரியாதை அது. பழக்கிய காலத்தில் அவள் ஒருமுறை தப்பாக உட்கார்ந்ததற்குக்கூட நான் மனம் நோகப் பேசியதில்லை. சரியாகச் செய்ததற்கு இப்போது தினமும் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“போதும், நாளைக்குப் பாப்போம்,” என்பார் அவர். அவராலும் பார்க்க முடியாது.

மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. வருவது தயங்கி வருவதாக மாறியது. பிறகு எழுந்து பாதியில் நின்றாள். ஒரு நாள் படுத்த இடத்திலிருந்தே கையைப் பார்த்தாள், பிறகு என் இடது தோளைப் பார்த்தாள். அது உயரவில்லை என்றதும் தலையைக் கீழே வைத்துக்கொண்டாள். நான் இடது கையைத் தூக்கினேன். துள்ளி வந்தாள். அன்றைக்கு ஒரு முழு முட்டையை அப்படியே கொடுத்தேன்.

ரோட்டில் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. கேட் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் திறந்து கிடக்கத்தான் போகிறது. என் கணவர் கேட்டருகே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். மருந்தின் வேகம் குறையும் நேரம். வலது கை ஆரம்பித்துவிட்டது. ஒளிக்காமல் தொங்கவிட்டேன். திருப்பத்தில் ஷிப்ட் பஸ் வந்தது. பயத்தில் நடுக்கம் கூடும் என்பது அன்றுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது. விரல்கள் புடவையை அடித்துக்கொண்டன. வா வா என்று என் கை கதறியது. 

மல்லி கையைப் பார்த்தாள். அவள் முன்னங்கால்கள் இறுகுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பின்பக்கம் தரையிலிருந்து லேசாக எழுந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர் அதைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அவள் மறுபடி உட்கார்ந்தாள். பஸ் எங்கள் நடுவே ஓடியது.

அது போன பிறகு, கேட்டருகே அவள் அப்படியே இருந்தாள். நான் இடது கையைத் தூக்கினேன். அவர் கயிற்றை விட்டார். அவள் வந்து மோதிய வேகத்தில் நான் புங்க மரத்தில் சாய்ந்துவிட்டேன். தள்ளிப்போய் பஸ்ஸை நிறுத்தியிருந்த அந்த டிரைவர் தலையை வெளியே நீட்டி, “இன்னிக்கி குந்திகினே இருந்திச்சே, பரவால்லக்கா,” என்றார்.

மல்லி எங்களிடமே இருக்கிறாள். ஊருக்கு அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

இதை இங்கேயே முடித்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நோய் முடியவில்லை.

சில வாரங்களுக்கு முன் ஒரு காலை. மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. கை துளிகூட ஆடவில்லை. சமையலறை வாசலில் மல்லி படுத்திருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, கால்நடை மருத்துவர் கூடாது என்று சொன்னது தெரிந்தே, நானாக, என் விருப்பத்தோடு, வலது தொடையில் மெல்லத் தட்டினேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பார்வை அதில் நிற்கவில்லை. தலையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் செய்தது சரி. நாங்கள் மாதக்கணக்கில் பழக்கியது அதைத்தான். அடுப்பைத் தணித்துவிட்டு நின்று அழுதேன். என் உடம்பிலிருந்து ஒரு சொல் நிரந்தரமாகப் போய்விட்டது. கை நன்றாக இருக்கும் நேரத்திலும் இனி அது அவளுக்கு என்னுடைய கை இல்லை.

இப்போது இடது கட்டைவிரலில் ஏதோ தெரிகிறது. இன்னும் தட்டல் இல்லை, ஒரு சிறு துடிப்பு. மகளிடம் சொல்லவில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன். முன்பெல்லாம் நான் மல்லிக்கு எதையும் மறுநாள் காலைக்காகப் பழக்குவேன். இப்போது பழக்குவது வரவே கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளும் ஒரு நாளுக்காக. நாள்களை அப்படித்தான் பார்க்கிறேன். கையில் இருப்பது எது, அடுத்துப் போகப்போவது எது, அதற்குள் அவளுக்கு எதைச் சொல்லிவைக்கலாம்.

கையை நம்பாத ஒரு சைகையாக யோசித்தேன். குரலையும் நடையையும்கூட நம்பாத ஒன்று. வீட்டுக்குள் மட்டும், ரோட்டுப் பக்கம் கிடையாது. நான் தரையில் உட்கார்ந்தால் ‘வா’. முன்பு நோய் என் சைகையைத் திருடிக்கொண்டது. இந்த முறை நோய் செய்யப்போவதை நானே முந்திக்கொண்டு சைகையாக வைத்துவிட்டேன். ஒரு நாள் கால் மடங்கி நான் விழுந்தால், அது அவளைக் கூப்பிட்டதாகிவிடும்.

இன்று காலை பழக்கினேன். அவர் நைட் ஷிப்ட் முடித்து உள்ளே தூங்குகிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தேன். மல்லி வந்தாள். முட்டைத் துண்டைத் தின்றுவிட்டுப் போகாமல் பக்கத்தில் நின்றாள். நான் எழுவதற்கு நேரமாகும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முதுகில் கையை ஊன்றினேன். கை ஆடியது, முதுகு ஆடவில்லை. தூங்குபவரை எழுப்பாமல் இருவரும் சத்தமில்லாமல் எழுந்துகொண்டோம்.